ஒரு வரியில் விழுந்த இயந்திரங்கள்

1981-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை அறிமுகப்படுத்தியது. அதை இயக்க மைக்ரோசாஃப்ட் கொடுத்தது டாஸ். அடுத்த மாதமே, செப்டம்பரில், கணினி வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஐபி விதிகள், ஜான் போஸ்டெல் தொகுத்த ஆவணமாக வெளிவந்தன. ஒன்று, மேசைமேல் தனியாக உட்கார்ந்திருக்கப்போகும் கணினிக்காக எழுதப்பட்டது. மற்றது, ஆராய்ச்சி நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த சில நூறு கணினிகளுக்காக எழுதப்பட்டது. அவற்றை நடத்தியவர்களில் பலர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள். முன்பின் தெரியாத ஒருவன் வேண்டுமென்றே தப்பான செய்தியை அனுப்புவான் என்ற நினைப்பு இரண்டிலுமே இல்லை.

இந்த இரண்டும் விண்டோஸ் 95-க்குள் ஒன்றாகக் குடியேறிய பிறகு என்ன நடந்தது என்பது, 1990களின் கடைசியில் திருவனந்தபுரத்தில் கணினி பழுதுபார்த்து அலைந்தவர்களுக்குத் தெரியும். புளிமூடு, ஸ்டாச்சு, பட்டம், வழுதக்காடு என்று ஸ்குரூ டிரைவரும் ஃப்ளாப்பிப் பெட்டியுமாகச் சுற்றியவர்களில் நானும் ஒருவன். எங்கள் தொழிலின் வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. டெக்னோபார்க்கின் வரலாறு இருக்கிறது, கெல்ட்ரானின் வரலாறு இருக்கிறது. அங்கே செய்த பொருள்களும், வெளியூரிலிருந்து வந்த பொருள்களும் ஊருக்குள் எப்படி விழுந்தன, எப்படி எழுந்தன என்பதும் வரலாறுதான் என்று நினைக்கிறேன்.

குழித்துறைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் ஒன்றும் அந்நிய ஊரில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் அதே திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சிக்குள் இருந்தவர்கள். களியக்காவிளை தாண்டினால் பஸ்ஸின் நிறம் மாறும். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் மறுபடி தமிழ் கேட்கும். வேலை என்றால் எங்கள் வீட்டில் கிழக்கே பார்க்க மாட்டார்கள். மேற்கே பஸ் ஏற்றி விடுவார்கள். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அங்கே மின்னணுத் தொழிலுக்கு ஒரு பரம்பரையே உருவாகியிருந்தது. கே.பி.பி. நம்பியார் முன்னின்று நடத்திய கெல்ட்ரான் 1973-இல் தொடங்கப்பட்டது. அதில் பழகிய கைகள் கேரளம் முழுக்க இருந்தன. 1990-இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் காரியவட்டத்தில் எழுந்தபோது அதற்கும் அவரே முதல் தலைவர். 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் கெல்ட்ரானில் சால்டரிங் பழகியவர்தான். மின்சுற்றுப் பலகையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தே எந்தக் கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய ஞானத்துக்கு எட்டாத பழுதுகள் 1997 வாக்கில் வரத் தொடங்கின. பலகையில் வாசனை இல்லை, கருகல் இல்லை, மின்னழுத்தம் சரியாக இருக்கிறது. ஆனாலும் இயந்திரம் படுத்துக்கொள்கிறது.

அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டிருந்தது. அது எங்கள் ஊருக்கு வந்து, எஸ்டிடி பூத்துகள் பிரௌசிங் சென்டர்களாக மாறத் தொடங்கிய நாட்கள். அமைப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு மோடம், அதை வாங்கிக்கொண்ட ஒரு கணினி. அந்த ஒரு இணைப்பை மற்றவற்றுக்குப் பங்குபோட வின்கேட் என்ற மென்பொருள். கணினிகளைக் கோத்தது டிவி கேபிள் மாதிரியான கோஆக்சியல் வயர். ஒவ்வொரு இயந்திரத்தின் பின்னாலும் ஒரு ‘டி’ கனெக்டர், வரிசையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு டெர்மினேட்டர். யாராவது காலால் இடறி அந்த டெர்மினேட்டர் கழன்றால் வரிசை முழுவதும் பேச்சு நின்றுவிடும். இப்படிப்பட்ட பழுதுக்குக் கையும் கண்ணும் போதும்.

கையும் கண்ணும் போதாத பழுதுகளில் ஒன்றைக் காட்டியவன் ஒரு கல்லூரிப் பையன். ஒரு பிரௌசிங் சென்டரில் தினமும் மாலையில் கணினிகள் ஒவ்வொன்றாக, விண்டோஸ் விழும்போது வருகிற நீலத்திரையைக் காட்டுகின்றன என்று கூப்பிட்டார்கள். ரேம் மாற்றினோம், பவர் சப்ளை மாற்றினோம். “சாரே, பின்னேயும் நீலமாயி” என்று மறுநாளும் போன் வந்தது. கடைசியில் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ரன் பெட்டியைத் திறந்து, சி டிரைவின் பெயரை அடித்து, அதன் பிறகு ‘கான்’ என்று ஒருமுறை, சாய்கோடு, மறுபடி ‘கான்’ என்று அடித்து என்டர் தட்டினான். விண்டோஸ் 98 அந்த நொடியே விழுந்தது. மவுஸ் நகரவில்லை, கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்டுக்கும் அசைவில்லை.

அந்த வரியின் வேர் 1981-இல் இருக்கிறது. டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே கிடையாது. ஒரு ஃப்ளாப்பி, அதில் நேரடியாகக் கோப்புகள், அவ்வளவுதான். விசைப்பலகையும் திரையும் சேர்ந்தது ‘கான்’, பிரின்டர் ‘பிஆர்என்’, வெற்றிடம் ‘நல்’ என்று சாதனங்களுக்கும் கோப்புகளைப் போலவே பெயர் கொடுத்திருந்தார்கள். ஒரு கோப்பைப் பிரின்டருக்கு அனுப்ப வேண்டுமா, ‘பிஆர்என்’ என்ற பெயருக்கு நகலெடுத்தால் போதும். அழகான ஏற்பாடு அது. இன்றும் எனக்கு அதில் மதிப்பு உண்டு. 1983-இல் டாஸ் 2.0 வந்தபோது கோப்புறைகள் வந்தன. ஊரில் ஒரே தெரு இருந்த காலத்தில் ‘கிணறு’ என்றாலே வழி தெரியும். தெருக்கள் பெருகிய பிறகும் எந்தத் தெருவில் நின்று ‘கிணறு’ என்றாலும் அந்தப் பழைய கிணற்றுக்கே கொண்டுபோய் விடுகிற மாதிரி, எந்தக் கோப்புறைக்குள் நின்று ‘கான்’ என்றாலும் அது அந்தச் சாதனம்தான் என்று வைத்துவிட்டார்கள். பழைய நிரல்கள் நின்றுபோகக் கூடாது என்பதற்காகச் செய்தது. விண்டோஸ் 95-ம் 98-ம் அதை அப்படியே சுமந்து வந்தன. ஒரு சாதனப் பெயர் மட்டும் வந்தால் சமாளிக்கத் தெரிந்த அந்த இயங்குதளங்களுக்கு, ஒரே பாதையில் சாதனப் பெயர் இரண்டுமுறை வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டு விழுந்தன.

வேண்டுமென்றே ரன் பெட்டியில் அடித்தால்தான் விழும் என்றால் அது வெறும் குறும்பு. ஆனால் ஒரு வலைப்பக்கத்திலோ மின்னஞ்சலிலோ, படம் இருக்கும் இடமாக இந்தப் பாதையை எழுதிவைத்தால், அதைத் திறக்கிறவரின் கணினி தன் வட்டில் அந்தப் படத்தைத் தேடப்போய் அங்கேயே விழும். அனுப்பியவன் அமெரிக்காவில் இருக்கலாம், விழுகிறவர் ஆற்றிங்கலில் இருக்கலாம். 2000 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இதற்குப் பேட்ச் வெளியிட்டது. 1981-க்கும் அதற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஃபார்வர்டு மெயில் இந்தியா முழுக்கச் சுற்றியது. ‘கான்’ என்ற பெயரில் கோப்புறை உருவாக்க முடியாது என்பதை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்டிலேயே யாருக்கும் காரணம் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. என் மருமகன் அதை எனக்கு அனுப்பியிருந்தான். அவனை உட்காரவைத்து டாஸின் கதை முழுவதும் சொன்னேன். காரணம் தெரியாத மர்மமாக ஒரு விஷயத்தைக் கைமாற்றுவது எனக்குப் பொறுக்காது. அதன் காரணம் ஆவணங்களில் இருக்கிறது, யாரும் படிக்கலாம்.

டாஸ் பக்கத்து வேர் இது. ஐபி பக்கத்து வேர் இன்னும் ஆழமானது.

1997 மே மாதம் ‘வின்நியூக்’ என்ற சின்ன நிரல் உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸ் 95-ம் அன்றைய விண்டோஸ் என்டி-யும் கோப்புப் பகிர்வுக்காக 139 என்ற போர்ட்டைத் திறந்து வைத்திருந்தன. ஐபியின் மேல் ஓடும் டிசிபி விதிகளில் ‘இது அவசரம், முதலில் பார்’ என்று குறிப்பதற்கு ஒரு கொடி உண்டு. அந்தக் கொடியை உயர்த்தி 139-க்கு நாலைந்து எழுத்துகளை அனுப்பினால் போதும், எதிர்முனையில் நீலத்திரை. அந்த இடத்தில் அவசரச் செய்தி வரும் என்று நிரல் எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை. சாட் அறைகளில் வாய்ச்சண்டை முற்றினால் எதிராளியின் ஐபி முகவரியைப் பார்த்து அவரை வீழ்த்துவது அன்று ஒரு வழக்கமாகவே ஆனது. வட்டில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் இதை லேசாகப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். பிரௌசிங் சென்டரில் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, சேமிக்காத பக்கம் கண்முன்னே போனதும், மறுபடி உட்காரக் கையில் காசில்லாமல் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்குக் கட்டணத்தில் ஓடிய இணையம் அது.

இதற்குச் சில மாதங்கள் முன்பு, 1996-இன் கடைசியில், இன்னொன்று வெளிப்பட்டிருந்தது. ‘மரண பிங்’ என்று பெயர். இதன் கணக்கை, இப்போது நான் பாடம் எடுக்கும் மாணவர்களுக்குத் தாளில் போட்டுக் காட்டுகிறேன்.

ஐபி விதியில் ஒரு பாக்கெட்டின் மொத்த நீளத்தைக் குறிக்க 16 பிட் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே அதிகபட்ச நீளம் 65,535 பைட். ஈதர்நெட் கம்பியில் ஒரே நேரத்தில் 1,500 பைட்டுக்கு மேல் போகாது. எனவே பெரிய பாக்கெட் துண்டுகளாகப் பிரிந்து போகும். ஒவ்வொரு துண்டும் மூலப் பாக்கெட்டில் தன் இடம் எது என்பதைத் தலைப்பில் சுமந்து செல்லும். அந்த இட எண்ணுக்கு 13 பிட், எட்டு எட்டு பைட்டாக எண்ண வேண்டும். அதாவது மிகக் கடைசி இடம் 8,191 பெருக்கல் 8, 65,528. தலைப்பின் நீளத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், அந்த இடத்திலிருந்து தொடங்கும் துண்டில் ஏழு பைட் மட்டுமே இருக்கலாம். ஆனால் ஏழுக்கு மேல் வைக்காதே என்று தடுக்க விதியில் எதுவும் இல்லை. அனுப்புகிறவன் அங்கே நூறு பைட்டை வைத்தால்? பெறுகிற கணினி துண்டுகளையெல்லாம் அடுக்கிச் சேர்க்கும்போது, ஒதுக்கிய இடம் தாண்டி அடுத்த இடத்தில் எழுதும். அங்கே என்ன இருந்ததோ அது அழியும், இயங்குதளம் விழும்.

இதற்குத் தனி நிரல்கூட வேண்டாம். இன்னொரு கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்க விண்டோஸ் 95-இல் இருந்த பிங் கட்டளையே போதும். அளவு 65,510 என்று கொடுத்தால், அதோடு பிங் செய்திக்கான ஐசிஎம்பி தலைப்பு 8, ஐபி தலைப்பு 20 சேர்ந்து 65,538. எல்லையை மூன்றே பைட் தாண்டுகிறது. அந்த மூன்று பைட்டில் அன்றைய யூனிக்ஸ் வகைகள், பிரின்டர்கள், ரவுட்டர்கள் எனப் பலவும் விழுந்தன. லினக்ஸும் விழுந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில், மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளை நேசிப்பவர்கள் சிலர் லினக்ஸ் விழாத இயங்குதளம் என்று பேசுவதுண்டு. அது உண்மையில்லை. 1997 கடைசியில் வந்த ‘டியர்டிராப்’ தாக்குதலிலும் லினக்ஸ் விழுந்தது. அதில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். நீளத்தைக் கழித்துப் பார்க்கும் கணக்கில் எதிர்மறை எண் வந்து, கணினி அதைப் பிரம்மாண்டமான நேர்மறை எண்ணாகப் புரிந்துகொண்டு, அவ்வளவையும் நகலெடுக்கக் கிளம்பும். அதே நாட்களில் வந்த ‘லேண்ட்’ தாக்குதல் இன்னும் எளிது: ஒரு கணினிக்கு அதன் பெயரிலேயே இணைப்புக் கோரிக்கை அனுப்புவது. அது தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு சுற்றிச் சுற்றி நிற்கும்.

வித்தியாசம் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

‘பிசிக்வெஸ்ட்’ இதழ் 1996 முதல் இந்திய வாசகர்களுக்கு லினக்ஸ் சிடி கொடுத்துவந்தது. அன்றைய டயல்-அப் வேகத்தில் இவ்வளவு பெரிய மென்பொருளை இறக்குவது நடக்காத காரியம். அந்த சிடி மட்டும் இல்லையென்றால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு லினக்ஸ் கண்ணில் பட்டிருக்காது. ஒரு சிடியில் கெர்னலின் மூலநிரல் முழுவதும் இருந்தது. மரண பிங்குக்கான திருத்தத்தை அதில் தேடிப் போனேன். ஐபி துண்டுகளைச் சேர்க்கும் கோப்பில் அது இருந்தது. வந்த துண்டின் நீளத்தையும் அதன் இட எண்ணையும் கூட்டு. 65,535-ஐத் தாண்டினால், இன்ன முகவரியிலிருந்து அளவு மீறிய பாக்கெட் வந்தது என்று பதிவேட்டில் எழுது. துண்டைத் தூக்கி எறி. சில வரிகள்தான். இந்தச் சில வரிகளை உலகத்தில் எங்கோ ஒருவர் செய்தி வெளியான சில மணி நேரத்திலேயே எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். நான் கூட்டல் குறியைப் பார்த்தேன், 65,535 என்ற எண்ணைப் பார்த்தேன். கெல்ட்ரான் ஆசான் கெப்பாசிட்டரை முகர்ந்து காட்டியபோது புரிந்த மாதிரி எனக்குப் பழுது புரிந்தது. விண்டோஸுக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது. அதையும் ஃப்ளாப்பியில் கொண்டுபோய்க் கடை கடையாகப் போட்டோம். அந்த ஃப்ளாப்பிக்குள் என்ன மாறியது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பழுதுபார்க்கிற தொழிலில் இருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

இயந்திரத்தை வேலை செய்யவிடாமல் முடக்கும் இவற்றுக்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். அதே காலத்தில் வேறு மாதிரியான சேவை மறுப்புத் தாக்குதல்களும் நடந்தன. அவை பிழையை நம்பவில்லை, கூட்டத்தை நம்பின. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தைப் பொய் முகவரிகளிலிருந்து வந்த இணைப்புக் கோரிக்கைகள் நாள்கணக்கில் முடக்கின. 1997 ஆகஸ்டில் இலங்கையின் தூதரகங்கள் பலவற்றுக்கு மின்னஞ்சல்களைக் குவித்ததாக ‘இன்டர்நெட் கரும்புலிகள்’ என்று பெயர் சொல்லிக்கொண்டவர்கள் பொறுப்பேற்றார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் அந்த ஆண்டுப் பயங்கரவாத அறிக்கையில் அது இடம்பெற்றது. இந்த வகையின் வரலாறு பெரியது, இன்றுவரை வளர்வது. என் அக்கறை ஒரே பாக்கெட்டில் விழும் இயந்திரத்தின் மேல்தான், ஏனென்றால் அதற்கு ஆள்பலம் வேண்டாம், பண பலம் வேண்டாம். ஒரு பதின்வயதுப் பையனும் ஒரு வரியும் போதும். அந்த வரியைத் தாங்காத இயந்திரத்தை ஒரு நகரமே நம்பியிருந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு பதில் எங்கள் ஊரிலேயே தொடங்கியது. 2001 ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அது டெல்லியிலோ பெங்களூரிலோ தொடங்காமல் இங்கே தொடங்கியது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இங்கே ஏற்கனவே லினக்ஸ் குழுக்கள் இருந்தன, பேராசிரியர்கள் இருந்தார்கள், நூலக இயக்கமும் மக்கள் அறிவியல் இயக்கமும் ‘அறிவு பொதுவானது’ என்ற எண்ணத்தை மண்ணில் ஊற வைத்திருந்தன. 2006-இல் மறுபடி வந்த ஸ்டால்மன் முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தனைச் சந்தித்தார். 2007-இல் வந்த மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளை முன்னிறுத்தியது. ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்கள் லினக்ஸுக்கு மாறின. மின்வாரிய ஊழியர்கள் தங்கள் கட்டண மென்பொருளான ‘ஒரும’வைத் தாங்களே எழுதினார்கள், அதுவும் கட்டற்ற மென்பொருள்களின் மேல். பட்டத்தில் வைத்யுதி பவனத்தின் முன்னால் போகும்போதெல்லாம் எனக்கு அதில் ஒரு பெருமை.

இதற்கெல்லாம் உரிமச் செலவைக் காரணம் சொல்வார்கள். செலவும் காரணம்தான். பழுதின் காரணத்தைப் பார்க்க முடிவது அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கிற இயந்திரம் எதனால் விழுந்தது என்று அந்தப் பிள்ளையின் ஆசிரியர் பார்க்க வழி இருக்க வேண்டும்.

ஆனால் பள்ளிகளைத் தாண்டி வெளியே வந்தால் பழைய இயங்குதளங்கள் அப்படியே இருந்தன. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதை ஒட்டித் தமிழ்நாடு அரசு தன் துறைகளை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சொன்னது எவ்வளவு தூரம் நடந்தது என்பதை நாகர்கோவிலில் சில அலுவலகங்களுக்குள் போய்வந்தவர்கள் அறிவார்கள். சோம்பல் என்று குறைசொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்றின் மென்பொருள் எக்ஸ்பி-யில் மட்டும் ஓடும் என்றால் அந்த லேப் உரிமையாளர் எங்கே போவார்? கருவியின் விலை கணினியின் விலையைப் போலப் பல மடங்கு. பழைய இயங்குதளம் உயிரோடு இருப்பதற்குப் பெரும்பாலும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பொருள்தான் காரணம்.

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை வந்தது. கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் கணினிகள் பூட்டப்பட்டன. ஆதரவு நின்று மூன்று ஆண்டு ஆகியிருந்தும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பி-க்குத் தனியாக ஒரு பேட்ச் வெளியிட்டது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எக்ஸ்பி இயந்திரங்களில் வான்னாக்ரை பெரும்பாலும் சரியாக ஏறவில்லை. நுழைய முயன்றபோது இயந்திரம் நீலத்திரை காட்டி விழுந்தது. கோப்புகள் பூட்டப்படாமல் தப்பின, ஆனால் வேலை நின்றது. கோப்பைத் திருடுவதும் பூட்டுவதும் செய்தியாகிறது. வேலை நிற்பதற்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. வரிசையில் நின்றவர் திரும்பிப் போகிறார், அவ்வளவுதான்.

பழைய பிழைகள் செத்துப்போய்விட்டன என்று நினைத்தவர்களுக்கு அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. 1997-இன் லேண்ட் தாக்குதல் 2005-இல் விண்டோஸ் எக்ஸ்பி-யிலும் சர்வர் 2003-இலும் மறுபடி வேலை செய்தது. மரண பிங்கின் உறவுக்காரன் 2013 ஆகஸ்டில் ஐபி ஆறாம் பதிப்பின் வழியாக வந்தான். 2020 அக்டோபரில் விண்டோஸ் 10-இலேயே வந்தான். கடைசியாகச் சொன்னதன் கணக்கு என்னை உட்கார வைத்துவிட்டது. ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல் ஒரு பகுதி. அதன் நீளத்தை எட்டு எட்டு பைட்டாக எண்ண வேண்டும். அந்த எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படை எண்ணாக வந்தால் மறுத்துவிட வேண்டும் என்பது விதி. விண்டோஸ் மறுக்கவில்லை. எல்லை மீறி எழுதி விழுந்தது. 1981-இல் எட்டு எட்டாக எண்ணத் தொடங்கியவர்களின் வழக்கம் இன்றும் இருக்கிறது. வந்த எண்ணைச் சரிபார்க்காமல் நம்புகிற வழக்கமும் இருக்கிறது. புதிதாக எழுதுகிற பொறியாளர்கள் பழைய விழுகைகளைப் படிப்பதில்லை. கல்லூரிப் பாடத்திட்டத்தில் ஐபி தலைப்பின் படம் இருக்கிறது, ஒவ்வொரு பிட்டும் என்ன என்று மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் படத்தின் எந்தக் கட்டத்தில் எந்த ஆண்டு என்ன விழுந்தது என்பது அதில் இல்லை. அது இருக்க வேண்டும் என்பதற்காகவே வகுப்பில் முதல் நாள் அளவு 65,507 என்று ஒரு பிங், 65,508 என்று இன்னொரு பிங் கொடுக்கச் சொல்கிறேன். முதலாவதை இன்றைய லினக்ஸ் கட்டளை ஏற்கும், இரண்டாவதை அனுப்பவே மறுக்கும். ஏன் மறுக்கிறது என்று அவர்களே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது விண்டோஸ் 10-இன் முறை. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய பிராசசர் உள்ள கணினிகளை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொல்லப் போயிருந்தேன். வள்ளியூர்க்காரர், மூன்று தலைமுறையாக அங்கே கடை. பில் போடும் கணினி, கணக்குக் கணினி, கிட்டங்கியில் ஒன்று.

“தம்பி, நல்லாத்தானே ஓடுது. ஓடுறத எதுக்கு மாத்தணும்?”

“ஓடும் அண்ணாச்சி. இனி ஒரு ஓட்டை தெரிஞ்சா அடைக்க ஆளிருக்காது. அதான் விஷயம்.”

“ஜிஎஸ்டி சாஃப்ட்வேர் அதுலதானே கெடக்கு.”

“அந்த ஒண்ணுக்கு மட்டும் புதுசு வாங்குவோம். கிட்டங்கி மெஷினுக்கு லினக்ஸ் போடுதேன். கணக்கு மெஷின்ல இருந்து நெட் வயரை உருவிடலாம், அதுக்கு நெட்டு தேவையே இல்லலா?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கணக்குக் கணினியில் மகளோடு வாட்ஸ்அப் கால் பேச வேண்டும் என்றார். அதற்குப் போன் இருக்கிறதே என்றேன். சரி, அடுத்த ஞாயிறு கடை அடைப்பு, அன்றைக்கு வா என்றார். கிட்டங்கிக் கணினியின் ரேம் நாலு ஜிபிதான். அதைத் தாங்குகிற லேசான டெஸ்க்டாப் ஒன்றைப் பென் டிரைவில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி.